மூன்றாவது பங்கரில் சொல்கிற பெயர்

சங்கரன்கோவில்,
4-5-1981

சுந்தரராஜ் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் தெரியும். இந்தக் கடிதத்துக்கு அது பொருந்தாது. நான் பெத்துராஜ் பெண்டாட்டி கோமதித்தாய். நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர் லீவில் வந்தபோதெல்லாம் வாய்க்கு வாய் "எங்க அவில்தார், எங்க அவில்தார்" என்று உங்களைத்தான் சொல்லுவார். சிவகிரிக்காரர், நம்ம பக்கத்து ஆள் என்று அவருக்கு அத்தனை பெருமை.

எங்கள் ஊர்ப் பெருமாள்சாமி சார் காலேஜில் சரித்திரம் நடத்துகிறவர். மாசி மாதம் டெல்லியில் போர் வரலாற்று மாநாடு என்று ஒன்றுக்குப் போயிருந்தார். மாநாட்டுக்கு வந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், எழுபத்தொன்றாம் வருஷச் சண்டை நடந்த எல்லையைச் சுற்றிக் காட்டினார்களாம். கல்சாபூர் என்ற இடத்தில் ஒற்றைக் காலோடு ஒரு தமிழர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து விளக்கம் சொன்னாராம். வாய்க்கால் கரையில் மூன்றாவது பங்கர் என்கிற பதுங்குகுழி முன்னால் நின்று, "இங்கேதான் சங்கரன்கோவில் பெத்துராஜ் கடைசிக் குண்டு வரைக்கும் சுட்டுவிட்டு விழுந்தான்" என்று அவர் சொன்னதும், எல்லாரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை தட்டினார்களாம். என் வீட்டுக்காரர் பெயர் வெட்டிய கல்லும் அங்கே இருக்கிறதாம். சார் அதைப் போட்டோ பிடித்து, உங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

போன வாரம் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டு என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. திடீரென்று விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கல்லை வெள்ளைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். என் மாமியார் பேச்சித்தாய் எழுந்து போய்த் திரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "எய்யா, எய்யா" என்று அழுதார்கள். நான் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

பட்டாளத்திலிருந்து எனக்கு வந்தது "காணவில்லை" என்ற தந்தி ஒன்றுதான். ஏழு வருஷம் ஆனதும், செத்ததாக வைத்துக்கொள்வோம் என்று ஒரு தாள் வந்தது. அப்படி வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பத்து வருஷமாகப் பூவும் பொட்டுமாகத்தான் தறிக்கூடத்துக்கு நூல் தார் சுற்றப் போய்வருகிறேன். அதற்கு ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும்.

கல்லைப் பார்த்த பிறகு இனி பேச்சே இல்லை என்றாகிவிட்டது. ஆடி அமாவாசையில் வைக்கோல் பொம்மை கட்டி எரித்துக் கருமாதி செய்துவிட வேண்டும் என்று என் கொழுந்தன் குருசாமி நாள் குறித்துவிட்டார். அன்றைக்கே என் தாலியையும் வாங்கிவிடுவார்கள்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அவர் செத்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால், பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, எனக்கு ஒரு கார்டு எழுதத் தெரியவில்லையா? அவர்கள் கேட்டுவிட்டு, கை தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் எங்கே போவேன்?

கோமதித்தாய்


கல்சாபூர், பஞ்சாப்,
19-5-1981

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி கோமதித்தாய்க்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ கேட்டது அத்தனையும் நியாயம்.

சண்டையில் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் சிவகிரிக்கு வரவில்லை. வந்தால் சங்கரன்கோவிலில்தானே இறங்கிப் பஸ் மாற வேண்டும்? அந்த ஊரில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கேயே பழைய ராணுவத்தார் சங்கத்தில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார்கள். மாநாட்டுக்காரர்கள் வருவார்கள், ராணுவப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வருவார்கள், சில சமயம் வெள்ளைக்காரர்களும் வருவார்கள். பாலத்தில் தொடங்கிக் கரையோடு நடத்திக் கூட்டிக்கொண்டு போவேன். எதிரி எந்தப் பக்கம் வந்தான், நம்ம ஆள் எங்கே நின்றான் என்று கம்பை நீட்டிக் காட்டுவேன். எல்லாம் இந்தியில்தான். வெயில் காலத்தில் கூட்டம் இருக்காது, பனிக்காலத்தில்தான் வரும்.

நீ கேட்டதை விட்டுவிட்டு என்னென்னவோ எழுதிக்கொண்டிருக்கிறேன் பார்.

சொல்லிவிடுகிறேன் அம்மா. அன்றைக்குக் காலையில் முகத்துக்கு முகம் தெரியாத பனி. நான் இரண்டாவது பங்கரில். பெத்துவும், இளையரசனேந்தல் தாவீதும் மூன்றாவதில். அந்த இரண்டு பேரும் எப்போதும் ஒன்றாகத்தான் திரிவார்கள், ஒரே உயரம், ஒரே வாட்டசாட்டம். குண்டு விழுந்து என் கால் போனது. பின்னால் போகச் சொல்லி உத்தரவு வந்ததும் இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூன்றாவது பங்கரைத் தாண்டும்போது உள்ளே ஓர் ஆள் கிடந்தான். முகம் இல்லை. அதற்குமேல் அதை உனக்கு எழுத மாட்டேன். சட்டைப் பை கிழிந்து பக்கத்தில் ஒரு பொட்டலம் விழுந்து கிடந்தது. பிரிந்து மண் சிந்தியிருந்தது. உங்கள் கோவிலில் பிரசாதமாக எடுக்கிற புற்றுமண். சிவகிரியில் பிறந்தவனுக்கு அது தெரியாதா? பஞ்சாப் மண்ணுக்கு அந்த நிறம் கிடையாது. அதை வைத்துத்தான் அது பெத்து என்று தெரிந்துகொண்டேன். தாவீது எங்கள் சபைப் பையன். எங்கள் ஆட்கள் அந்த மண்ணைக் கையால் தொட மாட்டோம்.

ஆக, கண்ணால் பார்த்தேன். உனக்கு எழுத நூறு தடவை உட்கார்ந்திருப்பேன். முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட முடிகிறது தங்கச்சி. உனக்குச் சொல்ல வாய் வரவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
சுந்தரராஜ்


சங்கரன்கோவில்,
1-6-1981

அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது தறிக்கூடத்தில் இருந்தேன். வாசித்துவிட்டு மறுபடியும் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஜுலைகா பீவி கடையநல்லூர்க்காரி. அவள் புருஷன் துபாயில் இருக்கிறார். "யாரு கடுதாசி, நல்ல சேதியாக்கா?" என்று கேட்டாள். "தெரியல" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

நீங்கள் சொன்னதில் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பச் சொல்லுங்கள். அந்தப் பொட்டலம். அது தாளில் மடித்ததா, துணியில் கட்டியதா? துணி என்றால் என்ன நிறம்? எப்படிக் கட்டியிருந்தது? பஸ்ஸில் வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின பாட்டை எனக்கு எழுத வேண்டாம். அன்றைக்குப் பார்த்ததை மட்டும் யோசித்து எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால், பாவம் பொம்பிளை என்று எனக்குத் தோதாக ஒன்றை எழுதிவிடுவீர்கள்.

பொட்டலத்தைப் பார்த்த பிறகு என்ன நடந்தது? தாவீது எங்கே போனான்? அவனைப் பற்றி ஒரு வரி இல்லையே.

அத்தை இப்போதெல்லாம் என்னோடு நன்றாகப் பேசுகிறார்கள். நேற்று தலைவாரிவிட்டுப் பூ வைத்துவிட்டார்கள். "வச்சிக்கோட்டி, ஆடி வரைக்கும் வச்சிக்கோ" என்றார்கள். அவர்கள்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. பத்து வருஷமாக மகனுக்காக அழ விடாமல் நான்தான் அவர்களைத் தடுத்து வைத்திருக்கிறேன். யாராவது அழுதால் அவருக்கு ஆகாது என்று சண்டை பிடிப்பேன். அவர்களும் பெற்றவள்தானே.

சீக்கிரம் பதில் போடுங்கள். ஊரில் கருமாதிக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கோமதித்தாய்


கல்சாபூர்,
14-6-1981

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எழுதினது சுருக்கென்று தைத்தது. ஆனால் உண்மை. கரையில் நின்று சொல்லும்போது பொட்டலம் என்றெல்லாம் நான் சொல்வதில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புற்றுமண் என்றால் என்ன தெரியும்? "கையில் சாமி விபூதியோடு விழுந்தான்" என்று சொல்லிவிடுவேன். கடைசிக் குண்டு வரைக்கும் சுட்டான் என்பதும் நான் சேர்த்ததுதான். சொல்லச் சொல்ல அதுவே நடந்தது மாதிரி எனக்கும் ஆகிப்போனது.

அதனால் பஸ் வராத ஒரு நாளாகப் பார்த்து மூன்றாவது பங்கருக்குத் தனியாகப் போனேன். கம்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது என் தலை எந்தப் பக்கம் தொங்கியது என்பதிலிருந்து யோசித்தேன்.

அது துணி. மஞ்சள் துணி. கட்டியிருக்கவில்லை, தைத்திருந்தது. வாயைச் சேர்த்து பச்சை நூலால் நெருக்க நெருக்கத் தைத்திருந்தது. தையல் ஒரு பக்கம் விட்டுப்போய் அது வழியாகத்தான் மண் சிந்தியிருந்தது. மஞ்சளில் பச்சை தனியாகத் தெரிந்தது. இது சத்தியம். வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்வேன்.

தாவீதைக் கேட்டாய். கொஞ்ச தூரம் போனதும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பனிக்குள் ஆள் அரவம் கேட்டது. நம்ம யூனிபாரம் போட்ட ஒருவனைக் கையைப் பின்னால் கட்டி நடத்திக்கொண்டு போனார்கள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. நடை நல்லாத்தான் இருந்தது, பெரிய காயம் எதுவும் இல்லை. பங்கரில் கிடந்தது பெத்து என்றால், போகிறவன் தாவீதுதானே? "தாவீதே, ஏலே தாவீதே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. காது அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இடத்தை நாம் திரும்பப் பிடித்தபோது பங்கரில் ஒன்றும் இல்லையாம். அதனால்தான் சர்க்கார் இரண்டு பேரையும் காணவில்லை என்று எழுதியது. கல் மட்டும் என் பேச்சை நம்பிச் சங்கத்தார் வைத்தது. மறு வருஷம் கைதிகளை விட்டபோது தாவீது வரவில்லை. ஆனாலும் அவன் அம்மா ஞானபூரணத்துக்கு, "உங்கள் மகனை உயிரோடு கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன், கர்த்தர் கொண்டுவந்து சேர்ப்பார்" என்று ஆஸ்பத்திரியிலிருந்தே எழுதினேன். அந்த அம்மாவுக்கு எழுத என்னால் முடிந்தது, நல்ல செய்தி என்பதால்.

ஏன் கேட்டாய்? எனக்கு மனசு கலங்குகிறது.

சுந்தரராஜ்


சங்கரன்கோவில்,
27-6-1981

அண்ணாச்சி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துணி என் துணி. அந்தத் தையல் என் தையல். அதைத் தைத்தது தாவீதுக்கு.

எழுபத்தொன்று புரட்டாசியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் லீவில் வந்தார்கள். தாவீதுக்குக் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். நடக்கவே மாட்டாமல் வீட்டில் வந்து உட்கார்ந்தான். நான் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுத்து வந்து குழைத்துப் போட்டுவிட்டேன். "எக்கா, நான் வேதக்காரனாக்கும். எங்க அம்மைக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவா" என்று சிரித்தான். "மண்ணுக்கு என்னலே வேதம், காலை நீட்டு" என்றேன். இரண்டு நாளில் புண் வாடிவிட்டது. போகும்போது அவனே கேட்டான். மஞ்சள் துணியில் வைத்து, வழியில் சிந்தக் கூடாதே என்று தறிக்கூடத்துப் பச்சை நூலால் வாயைத் தைத்துக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்கும் ஒன்று தைக்கவா என்று கேட்டேன். "உங்க அம்மன் பாம்புப் புத்தை நீயே வச்சிக்கோ" என்றார். அவர் சாமி கும்பிடுகிற ஆளே இல்லை, அண்ணாச்சி. கறுப்புச் சட்டைக்காரர். கோவிலுக்கு என்னோடு வருவார், வாசலிலேயே நின்றுகொண்டு "நான் செருப்புக்குக் காவல் இருக்கேன், நீ போயிட்டு வா" என்பார். பட்டாளத்தில் பூசைக்கு வந்து நின்றார் என்றால் அது பொங்கலுக்காக இருக்கும். புற்றுமண்ணைப் பார்த்தீர்கள், சங்கரன்கோவில்காரன் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். வேதக்காரப் பையன் பையில் அது இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

அப்படியென்றால் பங்கரில் கிடந்தது தாவீது. கையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனது என் வீட்டுக்காரர். நல்ல நடையோடு போனார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது.

நீங்கள் கூப்பிட்டீர்களே அண்ணாச்சி. தொண்டை கிழியக் கூப்பிட்டீர்களே. வேறு பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் எப்படித் திரும்புவார்? கண்ணெதிரே செத்துக் கிடந்தவன் பேரை யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்திருப்பார். பெத்து என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். நீங்கள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். பத்து வருஷம், அண்ணாச்சி.

உடனே சர்க்காருக்கு எழுதுங்கள். அந்தக் கல்லில் இருக்கிற பேரை எடுக்கச் சொல்லுங்கள். கல் இருக்கிற வரைக்கும் அவரை யாரும் தேட மாட்டார்கள். இங்கே என் பேச்சை யாரும் நம்பவில்லை. "புருஷன் மேல இருக்க ஆசையில கதை கட்டுதா" என்கிறார் கொழுந்தன். தாவீது பேரை இன்னும் நான் வெளியில் சொல்லவில்லை. மஞ்சள் துணி அவருடையது அல்ல என்று மட்டும்தான் சொன்னேன். எப்படிச் சொல்வேன்? ஞானபூரணம் அக்கா ஸ்டேஷனுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிறார்கள். இளையரசனேந்தலில் இருந்த வீட்டை விட்டுவிட்டு, மகன் ரயிலில் வந்து இறங்குவான் என்றுதான் அங்கே வந்து கடை போட்டார்கள். வேலை விட்டதும் நான் அங்கே போய் உட்காருவேன். மெட்ராஸ் வண்டி போன பிறகுதான் இரண்டு பேரும் எழுந்திருப்போம். பத்து வருஷமாக எனக்கு இருக்கிற ஒரே துணை அவர்கள்தான்.

கோமதித்தாய்


கல்சாபூர்,
10-7-1981

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதத்தை வாசித்த அன்று ஒரு பஸ் வந்தது. மூன்றாவது பங்கரில் வாய் திறக்க முடியவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

சங்கத்துச் செயலாளரிடம் போனேன், ஓய்வு பெற்ற கர்னல் அவர். முழுவதையும் கேட்டார். "சுந்தர், தையல் நூலை வைத்து ஒரு சாட்சியா? அதுவும் பத்து வருஷம் கழித்து? கல் வெட்டியாகிவிட்டது. டிசம்பரில் பத்தாம் ஆண்டு மாநாடு, வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். குழப்பாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சர்க்காருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். செத்தது தாவீது என்று அவன் வீட்டாரும் ஒப்புக்கொண்டு எழுதித் தந்தால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்று இங்கே விவரம் தெரிந்தவர் சொல்கிறார்.

அது வேண்டாம் அம்மா. உன் காலில் விழுந்து கேட்கிறேன். அந்தத் தாய்க்கு என் கையால் நம்பிக்கை கொடுத்தேன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கார்டு போடுகிறார்கள், "நீங்கள் பார்த்த கண்ணுக்குக் கோடிப் புண்ணியம்" என்று. அதைப் பிடுங்க என்னால் ஆகாது. நீயும் பிடுங்காதே.

பெத்து இருந்தால் வருவான். உன் கழுத்தில் தாலி இருந்தாலும் வருவான், இல்லாவிட்டாலும் வருவான். வீட்டார் சொல்கிறபடி கேட்டுவிடு. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. வேறு வழி தெரியவில்லை.

சுந்தரராஜ்


சங்கரன்கோவில்,
5-8-1981

அண்ணாச்சிக்கு,

நீங்கள் கேட்டபடி அமாவாசை வரைக்கும் நான் பிடுங்காமல்தான் இருந்தேன். சொல்வோம் என்று இரண்டு தடவை அக்கா கடைக்குப் போனேன். இரண்டு தடவையும் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அவர்கள் மகனுக்கென்று ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். அங்கே சிறையில் குளிருமாம்.

அமாவாசை அன்று விடிந்ததும் வாசலில் பந்தல் போட்டார்கள். வைக்கோல் பொம்மைக்கு அவருடைய பழைய சட்டையை மாட்டி நீட்டி வைத்தார்கள். ஊர் கூடிவிட்டது. பெருமாள்சாமி சாரும் வந்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. கொழுந்தன் பெண்டாட்டியும் இன்னொருத்தியும் இரண்டு கையையும் பிடித்தார்கள். ஒருத்தி கழுத்துப் பக்கம் வந்தாள். எனக்கு என்ன வந்ததென்று தெரியாது அண்ணாச்சி. "செத்தது எம் புருஷன் இல்ல! தாவீது! அந்த மஞ்சத் துணிய நான் தாவீதுக்குத்தான் தச்சுக் குடுத்தேன்" என்று கத்திவிட்டேன்.

கத்தின பிறகுதான் பார்த்தேன். பந்தல்கால் பக்கத்தில் ஞானபூரணம் அக்கா நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குத் துணையாக இருக்க வேண்டுமென்று கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

அவர்கள் மெதுவாக என்னிடம் வந்து, "மஞ்சத் துணியா? பச்சை நூலு போட்டதா?" என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எங்கிட்ட காட்டினான்" என்றார்கள். "இந்தச் சனியன தூரப் போடுலேன்னு வஞ்சேன். சரிம்மா, போட்டுருதேன்னு சொல்லிட்டுச் சட்டப் பையிலயே வச்சிக்கிட்டான். ரயில்ல ஏறயிலயும் பையில துருத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. போற நேரத்துல ஏசக் கூடாதுன்னு விட்டுட்டேன். அந்தத் துணியையா பாத்தாரு அவிலுதாரு?"

கொழுந்தன் முகம் செத்துப்போனது. பொம்மையிலிருந்து சட்டையைக் கழற்றச் சொன்னார். ஆட்கள் பந்தலைப் பிரிக்கப் போனார்கள். அப்போது அக்கா கையை நீட்டித் தடுத்தார்கள்.

"பந்தலப் பிரிக்காதிய. எம் மவனுக்கு அழ எனக்கு ஒரு பந்தல் வேணும். நான் ஒத்தையில எங்க போயி அழ?"

அப்படியே அந்த வெறும் வைக்கோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். என் அத்தை எழுந்து போய் அவர்களைக் கட்டிக்கொண்டார்கள். பத்து வருஷ அழுகையைத் தன் மகனுக்கு அழ உட்கார்ந்தவர்கள், தாவீதுக்காக அழுதார்கள். "ராசா, நீ எங்க வீட்டுச் சோத்தத் தின்னியே" என்று ஒப்பாரி வைத்தார்கள். ஊரில் வேதக்காரர், இந்து என்றில்லாமல் எல்லாப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் அழுதார்கள். மறுநாள் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். சர்க்காருக்கு எழுத வேண்டியதை அக்காவே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். "எம் புள்ளைக்கு இனி ஒண்ணுமில்ல. உம் புருஷனயாவது தேடச் சொல்லு" என்றார்கள். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் அழாதவள் நான் ஒருத்திதான். எனக்கு அழ உரிமை இல்லாமல் போய்விட்டது. தாலி கழுத்தில் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் ஊர் நினைக்கிறது. அக்கா இப்போது மெட்ராஸ் வண்டிக்குக் காத்திருப்பதில்லை. சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்குகிறேன் என்றார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. முன்பெல்லாம் இருக்கிறாரா என்று மட்டும்தான் கேட்பேன். இப்போது என்ன சாப்பிடுகிறார், யார் அடிக்கிறார்கள், நான் தேடுகிறேன் என்று அவருக்குத் தெரியுமா என்றெல்லாம் வருகிறது. கருமாதி நடந்திருந்தாலே நல்லது என்று நேற்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். நினைத்ததற்காக என்னையே அடித்துக்கொண்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டிசம்பரில் அத்தனை பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றீர்களே. அந்த இடத்தில் நின்று சரியான பேரைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
கோமதித்தாய்


கல்சாபூர்,
10-12-1981

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாநாட்டுக்காரர்கள் நேற்று வந்தார்கள். இரண்டு பஸ். அன்றைக்கு மாதிரியே பனி. வழக்கமாகச் சொல்வதை மட்டும் சொல், சுருக்கமாக முடி என்று கர்னல் காலையிலேயே சொல்லியிருந்தார். பாலத்திலும் முதல் இரண்டு பங்கரிலும் வழக்கமானதைத்தான் சொன்னேன்.

மூன்றாவதில் கல் முன்னால் வந்து நின்றதும் எல்லாரும் தொப்பியைக் கழற்றத் தயாராக நின்றார்கள். நான் சொன்னேன்: "இங்கே செத்தவன் பெயர் தாவீது. இளையரசனேந்தல் ஞானபூரணத்தின் மகன். கடைசிக் குண்டு வரைக்கும் சுட்டானா என்று எனக்குத் தெரியாது. கல்லில் இருக்கிற பெயர் தப்பு. பெத்துராஜ் இங்கே சாகவில்லை. அவனைக் கையைக் கட்டி அதோ அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள். நான் பார்த்தேன்."

யாரும் கை தட்டவில்லை. கர்னல் என் கையைப் பிடித்து இழுத்தார். பின்னால் நின்ற வயதான பெரியவர் ஒருவர், பெரிய பதவியில் இருந்தவர் போலிருக்கிறது, "அப்புறம் அந்த ஆள் என்ன ஆனான்?" என்று கேட்டார்.

"அதைத்தான் ஐயா நான் உங்களிடம் கேட்கிறேன்" என்றேன். "நீங்களெல்லாம் இந்தச் சண்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினவர்கள். அந்தப் பக்கத்து ஆட்களோடு ஒரே மேடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள். என் ஆள் எங்கே?"

ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் கல்லைப் போட்டோ பிடித்தார். அந்தப் பெரியவர் மட்டும் பெயரையும் ஊரையும் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதை என்ன செய்வார் என்று தெரியாது. பொய்யாக உனக்கு நம்பிக்கை சொல்ல மாட்டேன். இன்னொரு தாய்க்குச் சொன்னது போதும். அதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். நாளையிலிருந்து கரைப் பக்கம் வர வேண்டாம் என்று கர்னல் சொல்லிவிட்டார்.

பஸ் போன பிறகும் நான் போகவில்லை. கரையின் விளிம்பு வரைக்கும் நடந்து போய், அவனைக் கூட்டிக்கொண்டு போன திசையைப் பார்த்து நின்றேன். "பெத்து, ஏலே பெத்து" என்று கூப்பிட்டேன், தங்கச்சி. எல்லைக் காவல்காரப் பையன் ஓடி வந்து, அந்தப் பக்கம் பார்த்துக் கத்தக் கூடாது, வாயை மூடு என்றான். நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

சுந்தரராஜ்